வீட்டுக்கு ஒருத்தர்

"ஒரே ஒரு வரிதாம்மா. எழுதிக் குடுத்துட்டு போய்க்கினே இரு."

ரைட்டர் இதைச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்றுதான் சொல்வோம். நானும் எழுத்து வேலைக்குத்தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் முன்னால் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்த அந்தக் காலையில், என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மணலிப் பக்கமிருந்து வருகிற அந்த வாடை, அழுகிய முட்டைக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் ஒன்று, ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. வெளியே சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகிற லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"என்ன எழுதணும் சார்?"

"செய்தி சேகரிக்கப் போனேன், போராட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. அவ்ளோதான்."

அது பொய்யா என்றால், பொய் இல்லை. உண்மையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். தெளிவான பிறகு எழுதலாம் என்று இந்தத் தொடரில் இந்த அத்தியாயத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பஸ் பாஸ் தொலைத்த கதையைப் போன வாரம் அவ்வளவு இழுத்து எழுதியதற்குக் காரணம் அதுதான். தெளிவு வருகிற மாதிரி தெரியவில்லை, அதனால் குழப்பத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

சூரை மீனும் ரஹ்மத் இத்தாவும்

லட்சத்தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. பெயரைப் போட வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர் ரஹ்மத் இத்தா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஊர் முழுக்க முஸ்லிம்கள், ஊர் முழுக்கத் தென்னை, சுற்றிலும் கடல். கல்லூரியின் கடைசி வருடத்தில் ஏதாவது ஓர் ஊரில் ஒரு மாதம் தங்கி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அது இருந்தால்தான் பட்டம். நான் அந்தத் தீவைக் கேட்டேன்.

நினைத்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடிய ஊர் இல்லை அது. அரசு அனுமதி வேண்டும். அதற்கு இரண்டு தாள்கள். "இவர் எங்கள் வீட்டில் தங்குவார், இவருக்கு நான் பொறுப்பு" என்று தீவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டது ஒன்று. "இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை" என்று நம்மூர்க் காவல் நிலையம் கொடுப்பது இன்னொன்று.

முதல் தாளுக்கு ரஹ்மத் இத்தா இருந்தார். இத்தா என்றால் அக்கா. கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து, ராயபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் எடுத்து ஏழெட்டு மாதம் தங்கியவர். என் அம்மா அந்தத் தெருமுனையில்தான் கூடை இறக்கி மீன் விற்பாள். எங்கள் பக்கம் சூரை மீனை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள். இத்தாவோ வந்த முதல் நாளே, வஞ்சிரத்தைத் தள்ளிவிட்டு சூரையைத் தூக்கி, செவுளைப் பிரித்து முகர்ந்து, "இது ரெண்டு நாள் ஆயி" என்றாராம்.

அம்மாவின் கூடையைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள். அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. மறுநாள் அம்மா, விடியற்காலையில் இறங்கிய சூரையாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மாடி ஏறி, கதவைத் தட்டி, "இத்த மோந்து பாரு" என்று நீட்டியிருக்கிறாள். அப்படி ஆரம்பித்தது அவர்கள் சிநேகம்.

இத்தா தமிழ் கற்றுக்கொண்டது என் அம்மாவிடம். அதனால் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் போனில் என்னிடம், "இன்னாமே கஸ்தூரி, சுகம்தானே? அம்மா கச்சோடம் எப்படி கீது?" என்று மலையாளமும் மெட்ராஸும் கலந்து அடிப்பார். கச்சோடம் என்றால் வியாபாரம்.

ஐம்பது கேள்விகள்

எங்கள் பேராசிரியை தயாரிப்பு விஷயத்தில் கறார். போவதற்கு முன்பே ஐம்பது கேள்விகள் எழுதிக் காட்ட வேண்டும் என்றார். எழுதினேன். அவற்றில் இருபது அவர்கள் மதத்தைப் பற்றியவை. "ஒரு மீன்காரங்க வீட்டுக்குப் போற. முதல் இருபது கேள்வியில மீனே இல்லையே?" என்று அவர் கேட்டபோது, எனக்குக் காது சூடாகிவிட்டது. கடலைப் பார்த்த வாசல் எங்களுடையது. எனக்கா மீன் ஞாபகம் வராமல் போனது?

மறுபடி எழுதினேன். அந்தத் தீவில் வீடு பெண்கள் வழியில்தான் வரும், கணவன்தான் மனைவி வீட்டுக்கு வர வேண்டும். வீட்டுப் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள். இதைப் படித்துவிட்டுப் பெரிய கண்டுபிடிப்பு போல அம்மாவிடம் சொன்னேன்.

"இங்க மட்டும் இன்னாவாம்? ஒங்க நைனா ஒத்தப் பொட்டியோட எங்கூட்டுக்கு வந்தாரு. அப்புறம் போகவே இல்ல. அத்த யாரு எழுதறா?" என்றாள்.

நைனா அதைக் கேட்காத மாதிரி வலை பிரித்துக்கொண்டிருந்தார். நைனா என்றால் அப்பா. பெயர் ஏழுமலை. எண்ணிப் பேசுகிற ஆள்.

குப்பத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அங்கே மழைத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள், பாட்டில் எடுத்துப் போ என்றார் ஒருவர். தலையில் முக்காடு போட வேண்டுமா, கூடாதா என்று பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எம்.சி. ரோட்டில் இரண்டு பெரிய துப்பட்டா வாங்கி வைத்தேன். சித்தப்பாவுக்கு வேறு கவலை. "சரக்கே கெடைக்காதாமே? அப்ப கடலுக்குப் போய்ட்டு வந்து இன்னா பண்ணுவானுங்கோ? நீ அத்தக் கேளு மொதல்ல."

அதையும் எழுதிக்கொண்டேன். ஐம்பது நிறைந்துவிட்டது.

மண்டபத்தில் கொடுத்த பெயர்

இரண்டாவது தாளில்தான் சிக்கல் வந்தது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

நான் முதல் வருடம் படித்தபோது ஒரு மழைக்காலத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வலையெல்லாம் தார் பூசின மாதிரி ஆனது. நெட்டுக்குப்பத்திலிருந்து எங்கள் பக்கம் வரை ஒரு படகும் இறங்கவில்லை. நைனா துண்டால் வலையைத் துடைத்துத் துடைத்துக் கை வெந்து போய், ஜுரத்தில் படுத்துவிட்டார்.

சாலையில் உட்காருவது என்று ஊர் முடிவு செய்தது. இப்படி முடிவு செய்தால் எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்கு ஒருத்தர் வந்தாக வேண்டும். ஊர்த் தலைவர் ஒரு நீள நோட்டில் வீட்டு வரிசைப்படி வந்தவர் பெயரை எழுதுவார். ஆள் வராத வீட்டின் படகு பத்து நாள் கரையிலேயே கிடக்க வேண்டும். சாக்குப்போக்கு எடுபடாது.

நைனாவுக்கு ஜுரம். அம்மா அவரை விட்டு நகர முடியாது. நான் போனேன். தலைவரின் நோட்டில் "ஏழுமலை வீடு – கஸ்தூரி" என்று ஏறியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்க, நடுரோட்டில் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் பையில் கல்லூரி நோட்டும் இருந்தது. அந்த வாரம் ஏதாவது ஒரு நிகழ்ச்சியை நேரில் பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். கோஷம் போட்டேன். நடுநடுவே குறிப்பும் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரசு அக்கா, "இன்னாமே, பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீறியா?" என்று கேட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

மதியம் எல்லோரையும் வண்டியில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். எலுமிச்சை சாதம் கொடுத்துவிட்டுப் பெயர் கேட்டு எழுதினார்கள். ஊர்ப் பெரியவர்கள் விவரமானவர்கள். ஒருவர் முருகன், அடுத்தவர் வேலன், அதற்கடுத்தவர் கந்தன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அறுபடை வீடும் அடைபட்டுக் கிடந்தது. என் முறை வந்தபோது நான் எழுந்து நின்று, முழுப் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்று பள்ளி விழாவில் ஒப்பிப்பது போலச் சொன்னேன். படித்த பெண் வேறு எப்படிச் சொல்வாள்?

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வழக்கு மட்டும் தூங்கிக் கிடந்தது.

ஒரு வரி

அதுதான் இப்போது ரைட்டரின் மேஜையில் கிடந்தது. முருகனையும் வேலனையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லையோ என்னவோ, கஸ்தூரியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

"பேரு இருக்குதும்மா. இருந்தா சர்டிபிகேட் குடுக்க முடியாது. நீ படிக்கிற பொண்ணு. பத்திரிகைப் படிப்பு. அன்னிக்கு செய்தி எடுக்கத்தான் போயிருப்ப. அப்படி எழுதிக் குடுத்தா பேரை எடுத்துடச் சொல்றேன்." அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

எனக்குக் கப்பல் தெரிந்தது. கொச்சியிலிருந்து புறப்படுகிற கப்பல். ஐம்பது கேள்விகள் தெரிந்தன. குறிப்பெடுத்தது நிஜம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதினேன். "செய்தி சேகரிக்கச் சென்றேன், போராட்டத்தில் கலந்துகொள்ளவில்லை."

இரண்டு வாரத்தில் சான்றிதழ் வந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். நைனா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திர கீது" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஊர்க் கூட்டம்

பிறகு ஒரு நாள், தூங்கிக் கிடந்த வழக்கு எழுந்துகொண்டது. ஊர் சார்பாக வழக்கைப் பார்க்கிற வக்கீல் கோவில் முன்னால் உட்கார்ந்து பட்டியலைப் படித்தார். முருகன் இருந்தார், வேலன் இருந்தார். நான் இல்லை.

"ஏழுமலை பொண்ணு பேரு எங்க?" என்றார் தலைவர்.

வக்கீல் தாள்களைப் புரட்டினார். அவற்றுக்கு நடுவே என் கடிதத்தின் நகலும் இருந்தது. அவர் அதைச் சத்தமாகவே படித்தார். ஒரே வரிதான், படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரசு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப எங்க பக்கத்துல ஒக்காந்து எங்களத்தான் எழுதிக்கினு இருந்தியா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

நான், "இல்லக்கா... வூட்டுக்காகத்தான் வந்தேன். எழுதவும் செஞ்சேன்" என்றேன். எனக்கே அது பிடிக்கவில்லை.

தலைவர் நீள நோட்டை எடுத்து வரச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் பிரித்தார். "ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிம்மா? ஸ்டேஷன்ல வரலன்னு எழுதிக் குடுத்துகீற. இங்க வந்தன்னு எழுதிகீது. வந்தன்னா அந்தக் கடுதாசி பொய், வக்கீல் சார் வழியா திருப்பி வாங்கிக்கோ. வரலன்னா ஒங்க வூட்லேந்து ஆள் வரல. நீயே சொல்லு, நீ அன்னிக்கு இன்னாவா ஒக்காந்த?"

ஐம்பது கேள்விகள் எழுதியவள் நான். ஒரே ஒரு கேள்விக்கு இப்படி நிற்பேன் என்று நினைக்கவில்லை. கடிதத்தைத் திருப்பி வாங்கினால் சான்றிதழ் போகும், தீவு போகும், பட்டமும் தள்ளிப்போகும். வாங்காவிட்டால் படகு கரையில் கிடக்கும். அதுவும் நெத்திலி கூட்டம் கூட்டமாக வருகிற நாட்கள் அவை. யாராவது எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்று தவித்தேன்.

"அன்னிக்கு எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரு, நான் மட்டும் வந்து ஒக்காந்தேன். அதுக்கு முந்துன தபா ஆளு வர முடியாம போச்சுன்னு எங்க படகப் பத்து நாளு ஏத்தி வெச்சீங்களே. அதுக்கு ஒரு ஞாயம், இதுக்கு ஒரு ஞாயமா?" என்றாள் சரசு அக்கா. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அப்போது பின்வரிசையில் நைனா எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தார்.

"எங்க வூட்லேந்து அன்னிக்கு யாரும் வரல. எழுதிக்கோ."

"ஏழுமல, யோசிச்சு சொல்லு."

"இன்னா யோசிக்கறது? வரல. நாளிக்குப் படகு ஏத்திடறேன்."

தலைவர் பேனாவை எடுத்து என் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். பேனா சரியாக எழுதவில்லை என்று மறுபடியும் போட்டார். நான் மூன்றடி தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. அம்மா அன்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை.

ஐம்பத்தோராவது கேள்வி

படகு கரையேறி நான்காவது நாள் சாயங்காலம் ரஹ்மத் இத்தா கூப்பிட்டார். கையெழுத்துத் தாள் தயாராக இருக்கிறது, சான்றிதழை அனுப்பு என்றார். மற்றவர்களெல்லாம் கடலில் இருக்க, நைனா வாசலில் தைத்த வலையையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது. இத்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டு, மண்டபம், அந்த வரி, அந்தக் கோடு.

இத்தா ஐயோ பாவம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். போனில் கடல் சத்தம் கேட்டது. எங்கள் கடலா, அவர்கள் கடலா என்று தெரியவில்லை.

"இவிடயும் அப்படித்தான்" என்றார். "பெரிய ஓடம் கரைக்கு இழுக்கற நாள், வூட்டுக்கு ஒருத்தர் வரணும். வராத வூட்ட ஊரு மறக்காது."

"ம்."

"கஸ்தூரி, நான் எங்க வூட்டுப் பேரப் போட்டுத்தான் கையெழுத்து போட்டுகீறேன். நீ ஒரு மாசம் எங்களோட ஒக்காந்து சாப்பிடுவ. எங்க ஆளுங்க உன்ன வூட்டுப் பிள்ளைன்னு நெனச்சுப் பேசுவாங்க. அப்புறம் எவனாவது கேட்டா, 'நான் சாப்பிட வரல, எழுதத்தான் வந்தேன்'னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துருவியா?"

என் ஐம்பது கேள்விகளில் இந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் ரைட்டரின் மேஜைக்கு முன்னால் உட்காருவதற்கு முந்தின நாள் கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"தெரியல இத்தா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அங்கே பெருமூச்சு கேட்டது. "நைனா இருக்காரா? போனை அவர்கிட்ட குடு."

ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். நைனா வலையைக் கீழே வைத்துவிட்டு, ஈரமே இல்லாத கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, எங்களோட இருந்துட்டு, 'சாப்பிட வரல, எழுதத்தான் வந்தேன்'னு இவ ஒரு கடுதாசி எழுதுவாளா மாட்டாளா? நீங்க சொன்னா நான் தாளை அனுப்பறேன்."

நைனா என்னைப் பார்த்தார். கூட்டத்தில் பார்க்காததையும் சேர்த்துப் பார்ப்பது போல இருந்தது. அவர் "எழுதுவா" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

பிறகு போனுக்குக் குனிந்தார்.

"அப்படி எழுதுனான்னா சொல்லியனுப்பும்மா. நான் வந்து ஒங்க ஓடம் இழுக்கறேன். எங்க வூட்லேந்து ஒரு ஆளு."